மைலோமா இருப்பவர் நெஞ்சில் நீர் கட்டினால் அது டிபிதானா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. இரண்டு வருடமாக மல்டிபிள் மைலோமாவுக்கு மருந்து, போர்ட்டிசோமிப் ஊசி, டெக்ஸாமெத்தசோன் எல்லாம் போகிறது. போன மாதம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலைச் சுற்றி நீர். ஊசி குத்தி ஒரு லிட்டர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் புரதம் 7.4, லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) 90 சதவீதம், ஏடிஏ (ஒரு நொதியின் அளவு) 68. "டிபிதான், ஆறு மாத மருந்து ஆரம்பிக்கலாம்" என்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் நோய் நுரையீரல் உறைக்குப் போகுமா? டிபி மருந்தை ஆரம்பிக்கலாமா?

பதில்:

போகும், ஆனால் அபூர்வமாகத்தான். (மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள், அதாவது ஆன்டிபாடிப் புரதம் சுரக்கும் வெள்ளை அணுக்கள், கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்.) உங்கள் அப்பாவுக்கு அப்படிப் போயிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்று குறைகிறது. புரதம் இருக்கிறது, ஏடிஏ இருக்கிறது, லிம்போசைட் கணக்கு இருக்கிறது. அந்த நீரில் இருந்த செல்களை ஸ்லைடில் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் யாராவது பார்த்தார்களா, பார்த்தவருக்கு அப்பாவின் மைலோமா பற்றித் தெரியுமா என்பது மட்டும் இல்லை. டிபி மருந்துக்கு முன்னால் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்குங்கள்.

நான் நோயியல் துறையில் இருப்பவன். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். அவர் உடம்பிலிருந்து எடுத்து அனுப்பிய பாட்டில்தான் எனக்கு நோயாளி. அதனால் என் பதிலும் கொஞ்சம் பாட்டில் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்று இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று விலா எலும்புக்கு உள்பக்கம் ஒட்டியது. வாழைப்பட்டையை உரிக்கும்போது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு வழுவழுப்பு இருக்குமே, அந்த அளவு ஈரம்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. பத்து இருபது மில்லி. சுரந்துகொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். சுரப்பு கூடினாலோ வடிகால் அடைத்தாலோ நீர் சேரும். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் எடுத்தார்கள் என்றால் அது பல நாளாகச் சேர்ந்ததுதான்.

மைலோமா உள்ள ஒருவருக்கு இந்த நீர் வந்தால், முதல் சந்தேகம் மைலோமா மேல் போகக் கூடாது. முரணாகத் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான். அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவர்கள் 1978-இல் 958 மைலோமா நோயாளிகளின் நெஞ்சுக் கோளாறுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் வந்தவர்கள் சுமார் 6 சதவீதம். அதிலும் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறு. இதயம் தளர்ந்திருக்கும், மைலோமாவின் புரதமே அமிலாய்டாகி இதயத் தசையில் படிந்து அதை விறைக்க வைத்திருக்கும். சிறுநீரகம் பழுதாகியிருக்கும். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கியிருக்கும். நிமோனியா வந்து பக்கத்தில் நீர் கோத்திருக்கும். தாலிடோமைடு, லெனலிடோமைடு வகை மருந்து எடுப்பவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும். மைலோமா செல்களே உறைக்குள் இறங்கி நீரை உண்டாக்குவது மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

(இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. சிஎம்எல் என்கிற வேறொரு இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் டாசாடினிப் மாத்திரை, தானே நுரையீரல் உறையில் நீர் கட்ட வைக்கும். முதல் மருந்தாக அதை எடுத்தவர்களை ஐந்து ஆண்டு கவனித்த ஒரு பெரிய ஆய்வில் 28 சதவீதம் பேருக்கு வந்தது. அங்கே நோய் மேல் பழி இல்லை, மருந்து மேல்தான். யாராவது "எங்கள் மாமாவுக்கும் பிளட் கேன்சர், நீர் வந்தது, மாத்திரையை நிறுத்தியதும் சரியாகிவிட்டது" என்றால் அது இந்தக் கதையாக இருக்கலாம். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.)

சரி, அந்த ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு நோய் எப்படி உறைக்கு வருகிறது? விலா எலும்பிலிருந்துதான் என்பது எளிதில் புரியும் வழி. மைலோமாவுக்கு விலா எலும்பு பிடித்தமான இடம். உள்ளிருந்து அரித்து, எலும்பின் மேலோட்டை உடைத்து, கட்டியாகப் பக்கத்து உறையைத் தொடும். இன்னொரு வழி, உறையிலேயே சின்னச் சின்ன முடிச்சுகளாக முளைப்பது. நெஞ்சின் நடுவில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி வடிகாலை அடைப்பதும் உண்டு. அதனால் சிடி ஸ்கேனை "நீர் இருக்கிறதா" என்று மட்டும் பார்க்காமல், நீருக்குப் பின்னால் விலா எலும்பில் ஓட்டை இருக்கிறதா, உறையில் தடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். மஜ்ஜைக்கு வெளியே கிளம்பிய மைலோமா, கட்டுக்கு அடங்காத மைலோமா என்றுதான் பொதுவாக அர்த்தம்.

இப்போது டிபி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் நெஞ்சில் நீர், லிம்போசைட் மிகுதி, ஏடிஏ 40-க்கு மேல் என்று மூன்றும் சேர்ந்தால் டிபி என்று நினைப்பதே வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அப்பா டெக்ஸாமெத்தசோன் எடுப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர். அவருக்கு நிஜமாகவே டிபி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஏடிஏ டிபி கிருமியின் கையெழுத்து அல்ல. அடினோசின் டிஅமினேஸ் என்பது நம் லிம்போசைட் வகைச் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. டிபியில் அந்தச் செல்கள் கூட்டமாக வந்து குவிவதால் கூடுகிறது, அவ்வளவுதான். மைலோமாவின் பிளாஸ்மா செல்லும் பி லிம்போசைட்டின் வாரிசு. அது குவிந்தாலும் ஏடிஏ ஏறும். மைலோமா நீரை ஏடிஏ பார்த்து டிபி என்று நினைத்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன.

லிம்போசைட் 90 சதவீதம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? பல லேப்களில் எண்ணும் மெஷினோ, அவசரத்தில் எண்ணும் டெக்னீஷியனோ, கரு ஒற்றையாக உருண்டையாக இருக்கும் செல்லையெல்லாம் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். அந்தக் கூடைக்குப் பெயர் லிம்போசைட். பிளாஸ்மா செல் அதில் விழுந்து காணாமல் போவது சுலபம்.

உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் நின்ற இடம் வேறு: புரதம் 7.4. டிபி நீரிலும் புரதம் கூடுதலாகத்தான் இருக்கும், 4, 5 என்று பார்ப்பது சகஜம். 7-ஐத் தாண்டினால் நெஞ்சு மருத்துவப் பாடமே இரண்டு பெயரைச் சொல்கிறது: மைலோமா, அதன் பங்காளியான வால்டன்ஸ்ட்ராம் என்கிற இன்னொரு இரத்தப் புற்றுநோய். காரணம் எளிது. இந்தச் செல்களின் தொழிலே ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் சுரப்பது. இது ஆதாரம் ஆகிவிடாது. இரத்தத்திலேயே அந்தப் புரதம் ஏறிக் கிடந்தால் அது கசிந்தும் வரலாம். ஆனாலும் எனக்கு இந்த எண் கண்ணில் பட்டால், பாட்டிலை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

மறுபடி எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பல வருடம் முன்னால், ஐம்பது சொச்சம் வயது அம்மா ஒருவரின் நெஞ்சு நீர் எங்கள் லேபுக்கு வந்தது. கூட வந்த சீட்டில் "நெஞ்சில் நீர், டிபியா?" என்று மட்டும் எழுதியிருந்தது. பார்த்தேன். "லிம்போசைட்டுகள் மிகுதி, புற்றணுக்கள் இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன். டிபி மருந்து தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பாட்டில் வந்தது. மகன்தான் கொண்டு வந்தான், மளிகைக் கடை கேரி பையில் சுற்றி, வெயிலில் இரண்டு பஸ் மாறி. வாங்கி வைக்கும்போது அவனாகவே, "அம்மாவுக்கு முதுகு வலி தாங்கல சார், ரத்தமும் ஏறவே மாட்டேங்குது" என்றான்.

முதுகு வலி, இரத்த சோகை. அவன் கையில் இருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினேன். இரத்தத்தில் மொத்தப் புரதம் பத்துக்கு மேல், ஆல்புமின் மூன்றுக்குக் கீழே. ஆல்புமின் அல்லாத ஏதோ ஒரு புரதம் ஏறிக் கிடக்கிறது என்று காட்டும் அந்த இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை. நீரைச் சுழற்றி அடி வண்டலை ஸ்லைடில் இழுத்துப் பார்த்தேன். பொரித்த முட்டையில் மஞ்சள் கரு ஓரத்துக்கு ஒதுங்கினது போல, செல்லின் கரு ஒரு மூலையில். கருவுக்குள் நிறப்பொருள் கட்டி கட்டியாக வட்டமாக நின்றது. கடிகார முகப்பு என்று எங்கள் பாடத்தில் சொல்வது. கருவை ஒட்டி ஒரு வெளிறிய பிறை. அங்கேதான் புரதத்தைப் பொட்டலம் கட்டுகிறது அந்தச் செல். சிலதில் இரண்டு கரு. புலம் முழுக்க அதுதான். அப்புறம் அலமாரியிலிருந்து பழைய ஸ்லைடை எடுத்தேன். அதிலும் இருந்தது. குறைவாக, ஆனால் இருந்தது. லிம்போசைட்டை எதிர்பார்த்துப் பார்த்தேன், லிம்போசைட்டே தெரிந்தது. அந்த அம்மாவுக்கு மைலோமா என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை; நெஞ்சு நீர்தான் நோயின் முதல் அறிவிப்பாக வந்திருந்தது.

உங்கள் அப்பா விஷயத்தில் நோயின் பெயர் ஏற்கெனவே தெரியும். அது பெரிய வசதி. ஆனால் பிளாஸ்மா செல்லைக் கண்டதோடும் முடிவு கட்ட முடியாது. டிபியிலும் வேறு அழற்சிகளிலும் நல்ல பிளாஸ்மா செல்கள் கொஞ்சம் வரும். அவை கலப்படக் கூட்டம்: ஆன்டிபாடிப் புரதத்தின் ஒரு பாகமான சங்கிலியில் காப்பா, லாம்டா என்று இரண்டு வகை உண்டு; சில செல்கள் காப்பா செய்யும், சில லாம்டா. மைலோமாவில் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே சங்கிலிதான் செய்யும். அதைப் பிரித்துக் காட்ட ஃப்ளோ சைட்டோமெட்ரி இருக்கிறது. செல்லின் மேல் சிடி 138, சிடி 38 என்ற அடையாளப் புரதங்கள் (சிடி ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இருக்கிறதா, சிடி 56 கூடச் சேர்ந்திருக்கிறதா, சிடி 19 காணாமல் போயிருக்கிறதா, காப்பாவா லாம்டாவா என்று பார்ப்பார்கள். அது கிடைக்காத ஊரில், வண்டலை மெழுகில் புதைத்து செல் பிளாக் செய்து, அதில் இதே சாயங்களைப் போடலாம். நீரிலேயே புரதங்களை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் செய்து, இரத்தத்தில் உள்ள அதே எம் பட்டை, அதாவது மைலோமாவின் ஒரே வகைப் புரதம் காட்டும் கோடு, தெரிகிறதா என்று பார்ப்பதும் துணைச் சான்று. நீரில் எதுவும் சிக்காமல் சந்தேகம் மட்டும் நின்றால், உறையிலிருந்தே சதை எடுத்துப் பார்ப்பது. அந்த ஒரே துண்டு டிபியா என்ற கேள்விக்கும் பதில் சொல்லும். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை, நீரில் டிபி இருந்தும் பல சமயம் "இல்லை" என்றே காட்டும் என்பதால், சதைக்கு மதிப்பு அதிகம்.

மறுபடி நீர் எடுப்பார்கள் என்றால் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டு அதன் மேல் கையை வைத்துக் குனியச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துவார்கள். கீழ் விளிம்பில் இரத்தக் குழாய் ஓடுகிறது. ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம். நடுவில் இருமல் வந்தாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். மைலோமா நோயாளிக்கு இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம், அதையும் முதலில் பார்த்துவிடுவார்கள்.

எடுத்த நீரில் ஐந்து மில்லி டியூபை லேபுக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவது நம் ஊர் வார்டுகளில் நடக்கிற கதை. செல்களைத் தேடுவதற்கு ஐம்பது மில்லியாவது கொடுங்கள், அதிகமானால் தப்பில்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போகும் பங்கில், பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் கலக்கக் கூடாது. கலந்தால் அந்தச் சோதனை போச்சு. அன்றே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

1845 நவம்பர் 1-ஆம் தேதி, லண்டனில் தாமஸ் வாட்சன் என்ற மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தெரிந்த மருத்துவருக்கு ஒரு சோதனைக் குழாயில் சிறுநீரை அனுப்பினார். மெக்பீன் என்ற மளிகை வியாபாரியின் சிறுநீர். நெஞ்சு எலும்பு வலியில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். கூடவே ஒரு சீட்டு: சூடாக்கினால் இப்படி, அமிலம் விட்டால் இப்படி, ஆறினால் இப்படி, மறுபடி சூடாக்கினால் கரைகிறது, இது என்ன? மெக்பீன் 1846 புத்தாண்டு அன்று இறந்துபோனார். ஆனால் மைலோமாவின் புரதம் முதன்முதலில் பிடிபட்டது அந்தக் குழாயில்தான், பென்ஸ் ஜோன்ஸ் பெயரைத்தான் இன்றைக்கும் அதற்குச் சொல்கிறோம். குழாயோடு வெறும் "சிறுநீர், பரிசோதிக்கவும்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இனி, டிபி மருந்தை ஆரம்பிக்கலாமா என்ற கேள்வி. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆரம்பிக்கிற மருந்தாக அதை நினைக்காதீர்கள், உங்கள் அப்பாவுக்குக் குறிப்பாக. அதில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். போர்ட்டிசோமிப் இரத்தத்தில் கிடைக்கும் அளவு 45 சதவீதம் வரை இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று மருந்தின் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் அளவையும் குறைக்கும். அதாவது, நீர் மைலோமாவால் வந்ததாக இருந்து நாம் டிபி மருந்து கொடுத்தால், தவறான நோய்க்கு மருந்து கொடுத்ததோடு நிற்காது. சரியான நோய்க்கான மருந்தையும் பாதியாக்கிவிடுவோம். நிஜமாகவே டிபி என்று உறுதியானால் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது மைலோமா மருந்தை எப்படி மாற்றுவது என்று இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். டாரடுமுமாப் போன்ற ஆன்டிபாடி மருந்துகளுக்கு இந்த நொதித் தொல்லை இல்லை.

மைலோமாதான் என்று வந்தால் என்ன செய்வார்கள்? நீரை வடிப்பது மூச்சுக்கு நிம்மதி தரும், நோயைத் தொடாது. திரும்பத் திரும்பச் சேர்ந்தால் டால்க் பொடி செலுத்தி இரண்டு அடுக்கையும் ஒட்டவைக்கலாம், அல்லது வீட்டிலேயே வடித்துக்கொள்ளும் மெல்லிய குழாயைப் பொருத்தலாம். உண்மையான சிகிச்சை உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான். இதுவரை கொடுத்த மருந்தை மீறி நோய் வெளியே வந்திருக்கிறது என்பதால் வேறு வகைக்கு மாற்றுவார்கள்: டாரடுமுமாப், பொமலிடோமைடு, கார்ஃபில்சோமிப், உடம்பு தாங்கினால் பல மருந்து சேர்ந்த கீமோ.

எத்தனை நாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பயத்தால் என்று நினைக்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். நெஞ்சு நீரில் மைலோமா செல் இருந்தவர்களைப் பற்றிய பழைய பதிவுகளில், பாதிப் பேர் நான்கு மாதத்துக்குள் இறந்திருக்கிறார்கள். புதிய மருந்துகள் வந்த பிறகு அதைத் தாண்டி வாழ்ந்தவர்களும் பதிவாகியிருக்கிறார்கள், ஆனால் இது இன்றைக்கும் கடுமையான கட்டம்தான். டிபி மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு மாதம் காத்திருப்பது, இந்தக் கணக்கில் சின்ன விஷயமில்லை. நடுவில் டெக்ஸாமெத்தசோனால் நீர் கொஞ்சம் வற்றி, "பார்த்தீர்களா, டிபி மருந்து கேட்கிறது" என்று எல்லோரும் ஏமாறவும் இடம் உண்டு.

நாளைக்கே மருத்துவரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். "அப்பாவுக்கு மைலோமா இருப்பதால் நீரில் பிளாஸ்மா செல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். பழைய ஸ்லைடு இருந்தால் அதையே திரும்பப் பார்க்கலாம், புது நீர்கூட வேண்டியிருக்காது. புதிதாக எடுத்தால், பாட்டிலோடு போகும் சீட்டை நர்ஸிடமிருந்து வாங்கிப் பாருங்கள். "நெஞ்சில் நீர்" என்று மட்டும் இருந்தால், அதன் கீழே இதையும் எழுதச் சொல்லுங்கள்: இரண்டு வருடமாக மல்டிபிள் மைலோமா, எந்தச் சங்கிலி வகை, இப்போது என்ன மருந்து, பிளாஸ்மா செல் தேடவும்.